புது பேட்டரி போட்டதும் கார் குலுங்குதா? 18,000 ரூபாய் பில்லுக்கு ஓகே சொல்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க



எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ், வருமான வரின்னு பேசுற இடத்துல இன்னைக்கு கார் பேட்டரி ஏன் வந்துச்சுன்னு கேப்பீங்க. முதல் சம்பளம், முதல் கடன், முதல் கார் வாங்கின பலருக்கும் மாச பட்ஜெட்டைக் கவுக்கிறது இஎம்ஐ இல்லை; திடீர்னு வர்ற வொர்க்‌ஷாப் பில். அப்படி ஒரு பில்லுக்கு நானே தலையாட்ட இருந்தேன். கணக்குப் பார்க்கிறதையே தொழிலா வச்சிருக்கிற எனக்கே அந்த நிலைமைன்னா, மத்தவங்களுக்கு இது கண்டிப்பா உதவும்னு தோணுச்சு.

போடிமெட்டுல நடந்தது

போன டிசம்பர்ல குடும்பத்தோட போடிமெட்டு போயிருந்தோம். போடிநாயக்கனூர்ல இருந்து முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவு ஏறினா தமிழ்நாடு முடிஞ்சு கேரளா ஆரம்பிக்கிற இடம். கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை 85 அந்த வழியாதான் பூப்பாறை, மூணாறுன்னு போகுது. ராத்திரி அங்கேயே தங்கினோம். காலையில ஆறு மணிக்குச் சாவியைத் திருப்பினா 'டக் டக் டக்'. அவ்வளவுதான்.

ரெண்டு வாரமாவே செல்ஃப் கொஞ்சம் இழுத்து இழுத்துதான் எடுத்துச்சு. 'சம்பளம் வரட்டும், பார்த்துக்கலாம்'னு விட்டது என் தப்பு. சமவெளி வெயில் பேட்டரியை உள்ளுக்குள்ளேயே தின்னுடும். ஆனா பகல் சூட்டுல அது வெளியே தெரியாது. மலைக்குளிர்ல பேட்டரியோட சக்தி குறையும், இன்ஜின் ஆயில் கெட்டியாகி ஸ்டார்ட் பண்ண கூடுதல் சக்தி கேட்கும். ரெண்டும் சேரும்போது சாயம் வெளுத்துடும்.

ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டு வந்த ஜீப் ஒண்ணு நின்னுச்சு. டிரைவர் அண்ணன் ஜம்பர் கேபிள் போட்டு ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தார். காசு நீட்டினேன், வாங்கலை. "எங்கேயும் ஆஃப் பண்ணாம போடிக்கு இறங்கிடுங்க தம்பி. பேட்டரி மாத்திட்டு அப்புறம் வந்து இவங்களைக் கூட்டிட்டுப் போங்க" என்றார். மனைவியையும் பொண்ணையும் ரூம்லயே விட்டுட்டு நான் மட்டும் இறங்கினேன்.

போடியில இருபது நிமிஷத்துல புது பேட்டரி போட்டாச்சு. செல்ஃப் ஒரே தட்டுல எடுத்துச்சு. சந்தோஷமா மறுபடி மலை ஏறினேன். ஏறும்போது ஒண்ணும் தெரியலை. எல்லைக்கிட்ட டீக்கடையில நிறுத்தி, காலை ஆக்சிலரேட்டர்ல இருந்து எடுத்ததும்தான் ஆரம்பிச்சது கூத்து. ஆர்பிஎம் முள் 500க்கும் 1,100க்கும் நடுவுல ஊஞ்சல் ஆடுது. ஸ்டீயரிங் நடுங்குது. ஏசி போட்டேன், இன்ஜின் பொசுக்குனு நின்னுடுச்சு.

இந்த நிலைமையில மனைவியையும் ஏழு வயசுப் பொண்ணையும் ஏத்திக்கிட்டு 17 வளைவு இறங்கணும்.

ஏசியை ஆஃப் பண்ணி, ரெண்டாவது கியர்லயே மெதுவா இறங்கினோம். ரெண்டு வளைவுல கிளட்ச் மிதிச்ச நேரத்துல இன்ஜின் நின்னுச்சு. அந்த ரெண்டு தடவை வந்த பயத்துக்கு விலை போட முடியாது. அந்தப் பயத்தோட நேரா ஒரு வொர்க்‌ஷாப்புக்குப் போனேன். பார்த்த அஞ்சாவது நிமிஷம், "த்ராட்டில் பாடி போயிடுச்சு சார், 18,000 ஆகும்" என்றார்கள். பயந்து போய் நிக்கிறவன் பேரம் பேச மாட்டான். நானும் "சரி"ன்னு சொல்ல வாயெடுத்துட்டேன்.

அப்போதான் ஒரு கேள்வி உறைச்சது: நேத்து வரைக்கும் சரியா இருந்த பார்ட், பேட்டரி மாத்தினதும் எப்படிப் போகும்?

உண்மையில என்ன ஆச்சு?

உங்க பாஷையிலயே சொல்றேன். வருஷத்து நடுவுல கம்பெனி மாறுறீங்க. பழைய கம்பெனி சம்பள விவரத்தைப் புதுக் கம்பெனி ஹெச்ஆர்கிட்ட கொடுக்க மறந்துட்டீங்க. அவங்க உங்க வருமானத்தைப் பூஜ்யத்துல இருந்து கணக்குப் போட்டு, கம்மியா டிடிஎஸ் பிடிப்பாங்க. உங்க உண்மையான வருமானம் மாறலை. அவங்ககிட்ட பழைய கணக்கு இல்லை, அவ்வளவுதான். வித்தியாசம் ரிட்டர்ன் தாக்கல் பண்ணும்போது தலையில இறங்கும்.

காருக்குள்ள இருக்கிற ஈசியூங்கிற கம்ப்யூட்டரும் அப்படித்தான். ஆக்சிலரேட்டரை மிதிக்காதப்போ இன்ஜின் நிக்காம ஓட, த்ராட்டில் வால்வை எவ்வளவு திறந்து வைக்கணும்னு அது கணக்கு வச்சிருக்கும். நாள் ஆக ஆக அந்த வால்வு ஓரத்துல கரி படியும், காத்து போற வழி சுருங்கும். ஈசியூ அதைப் புரிஞ்சுக்கிட்டு வால்வைக் கொஞ்சம் கொஞ்சமா கூடுதலாத் திறக்கும். உங்களுக்கு எதுவுமே தெரியாது.

பேட்டரியைக் கழட்டினதும் பல கார்கள்ல இந்தப் பழைய கணக்கு அழிஞ்சுடும். ஈசியூ ஃபேக்டரி கணக்குக்குத் திரும்பிடும். ஆனா கரி மட்டும் அங்கேயேதான் இருக்கு. அதனால ஐடிலிங்ல இன்ஜினுக்குக் காத்து பத்தாது; முள் ஆடும், வண்டி குலுங்கும், ஏசி பளு ஏறினா நின்னுடும். மேடு ஏறும்போது வால்வு நல்லாத் திறந்திருக்கிறதால பிரச்சினை தெரியாது. என் கதையில நடந்தது அதேதான்.

பெட்ரோல் கார்ல, அதுவும் சில வருஷம் ஓடின கார்ல, இது ரொம்ப சகஜம். டீசல் வண்டி இன்ஜின் வேலை செய்யிற விதமே வேற; அதுல குலுங்கினா காரணமும் பெரும்பாலும் வேறயா இருக்கும்.

செலவு ஏணி: கீழ்ப்படியில இருந்துதான் ஏறணும்

வொர்க்‌ஷாப் உங்களை ஏணியோட மேல்படிக்கு நேரா கூப்பிடும். நீங்க கீழ்ப்படியில ஆரம்பிங்க.

*முதல் படி: பூஜ்யம் ரூபாய். கண்ணால பாருங்க.*

இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு பானெட்டைத் திறங்க.

- பேட்டரி டெர்மினல் ரெண்டையும் கையால அசைச்சுப் பாருங்க. ஆடவே கூடாது.
- நெகட்டிவ் கேபிள் பாடியில சேர்ற எர்த் போல்ட் இறுக்கமா இருக்கா?
- பேட்டரியை எடுக்க வழிவிடணும்னு ஏர் ஃபில்டர் குழாயைக் கழட்டியிருப்பாங்க. அதைச் சரியா மாட்டியிருக்காங்களா? பக்கத்துல ஏதாவது சின்ன ரப்பர் குழாயோ சென்சார் பிளக்கோ தொங்குதா? கணக்குல வராத காத்து உள்ளே புகுந்தாலும் இதே மாதிரிதான் குலுங்கும்.

*ரெண்டாவது படி: கொஞ்சம் பெட்ரோல் செலவு. ஈசியூ திரும்பக் கத்துக்கட்டும்.*

முதல்ல கார் மேனுவலைப் பாருங்க. முறை மாடலுக்கு மாடல் மாறும். மேனுவல்ல தனியா எதுவும் சொல்லலைன்னா, பொதுவான வழி இது:

1. சமதளத்துல, திறந்த வெளியில நிறுத்துங்க. மூடின கேரேஜ்ல வேண்டாம். புகை உயிருக்கு ஆபத்து. ஏசி, லைட், ஆடியோ எல்லாம் ஆஃப்.
2. சாவியை ஆன்ல வச்சு, ஸ்டார்ட் பண்ணாம அரை நிமிஷம் விடுங்க. ஆஃப் பண்ணுங்க.
3. ஆக்சிலரேட்டரைத் தொடாம ஸ்டார்ட் பண்ணுங்க. இன்ஜின் சூடாகி ரேடியேட்டர் ஃபேன் ஒரு தடவை ஓடி நிக்கிற வரைக்கும் அப்படியே ஓடட்டும். பத்து, பதினைஞ்சு நிமிஷம் ஆகலாம்.
4. அப்புறம் ஏசி போட்டு அஞ்சு நிமிஷம்.
5. கடைசியா, கூட்டம் இல்லாத சமவெளி ரோட்டுல வேகத்தைக் கூட்டியும் குறைச்சும் பதினைஞ்சு, இருபது கிலோமீட்டர் ஓட்டுங்க.

கரி ரொம்ப இல்லாத கார் இதோட சரியாகிடும். சில மாடல்களுக்கு மட்டும் ஸ்கேனர் வச்சுத்தான் த்ராட்டில் கணக்கைப் பதிய வைக்க முடியும். அதுக்கு வொர்க்‌ஷாப் போயே ஆகணும்.

*மூணாவது படி: சில நூறு ரூபாய். அளந்து பாருங்க.*

சாதாரண மல்டிமீட்டர் போதும். ராத்திரி முழுக்க நின்ன காரோட பேட்டரியில 12.4 முதல் 12.7 வோல்ட் இருக்கணும். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்கள்ல 13.5 முதல் 14.7 வரை காட்டும். ஓடும்போதும் 12ன்னு நின்னா ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏத்தலைன்னு சந்தேகப்படுங்க. புதுப் பேட்டரியும் சீக்கிரம் படுத்துடும்.

புளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒண்ணு ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்குது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்ல சொருகி, மொபைல் ஆப்ல படிக்கலாம். பி0506னு வந்தா ஐடில் வேகம் இருக்க வேண்டியதைவிடக் குறைவு, பி0507 வந்தா அதிகம். பி0171 காத்து அதிகம், பெட்ரோல் குறைவுன்னு சொல்லும். குழாய்க் கசிவைத் தேடுங்க. பி0300 வந்தா மிஸ்ஃபையர். பிளக், காயில் பக்கம் பாருங்க.

*நாலாவது படி: த்ராட்டில் பாடி கிளீனிங்.*

ஸ்ப்ரே சில நூறு ரூபாய், அதோட லேபர். நான் அந்த 18,000 எஸ்டிமேட்டை வாங்கிக்கிட்டு, "யோசிச்சுச் சொல்றேங்க"ன்னு வெளியே வந்து இன்னொரு மெக்கானிக்கிட்ட போனேன். அவர் முதல்ல ஸ்கேன் பண்ணார். ஒரு கோடும் இல்லை. த்ராட்டில் பாடியைக் கழட்டிக் காட்டினார். ஓரம் முழுக்கக் கரி. துடைச்சு, மாட்டி, மேலே சொன்ன மாதிரி கத்துக்க விட்டார். முள் 750ல போய் உக்காந்துச்சு. பில் 600 ரூபாய்.

நீங்களே செய்யிறதா இருந்தா ஒரு எச்சரிக்கை: சாவி ஆன்ல இருக்கும்போது அந்த வால்வை விரலால தள்ளாதீங்க. விரலுக்கும் ஆபத்து, உள்ளே இருக்கிற மோட்டாருக்கும் ஆபத்து.

*அஞ்சாவது படி: பார்ட் மாத்துறது.*

இது கடைசிப் படி. இதுக்கு முன்னாடி மூணு விஷயம் கேளுங்க. எந்த டெஸ்ட்ல இது பழுதுன்னு தெரிஞ்சது? எழுத்துல எஸ்டிமேட் தருவீங்களா? மாத்தின பழைய பார்ட்டை என்கிட்ட கொடுப்பீங்களா? இந்த மூணுக்கும் நேரா பதில் வரலைன்னா ரெண்டாவது கருத்து கேக்காம பணம் கட்டாதீங்க.

மலையில இருந்தா, பணத்துக்கு முன்னாடி உயிர்

ஐடிலிங் சரியில்லாத காரை மலையில இறக்கவே வேண்டாம், முடிஞ்சா. நான் செஞ்சது சரியான முடிவுன்னு இப்பவும் சொல்ல மாட்டேன். ஆளை ஜீப்லயோ பஸ்லயோ அனுப்பியிருக்கலாம். வேற வழியே இல்லைன்னா இதை மனசுல வைங்க:

- இன்ஜின் நின்னா பிரேக்குக்குக் கிடைக்கிற வேக்யூம் உதவி ஒண்ணு, ரெண்டு மிதிக்குத்தான் தாங்கும். விட்டு விட்டு மிதிக்காம, ஒரே அழுத்தா மிதிச்சு நிறுத்துங்க.
- பவர் ஸ்டீயரிங் கனமாகிடும், ஆனா திரும்பும். ஓடும்போது சாவியை மட்டும் உருவிடாதீங்க. ஸ்டீயரிங் லாக் ஆகலாம்.
- நியூட்ரல்ல இறங்கவே கூடாது. மேனுவல் கார் கியர்ல இருந்தா சக்கரமே இன்ஜினைச் சுத்திக்கிட்டு இருக்கும், சுலபத்துல நிக்காது.

இதுல ஒரு காசு விஷயமும் இருக்கு. நியூட்ரல்ல இறங்கினா பெட்ரோல் மிச்சம்னு இன்னமும் நம்புறவங்க நிறைய. இன்ஜெக்‌ஷன் கார் கியர்ல இறங்கும்போது, ஆக்சிலரேட்டரை விட்டுட்டா ஈசியூ பெட்ரோலையே நிறுத்திடும். நியூட்ரல்லதான் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் செலவாகும். ஆக, ஆபத்தான வழிதான் கூடுதல் செலவும்.

செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னுச்சுன்னா ஓட்டாதீங்க. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைக் கெடுத்துடும். அது உண்மையிலேயே பெரிய பில்.

பேட்டரி பில்லுல ஒளிஞ்சிருக்கிற கணக்கு

இனி என் தொழில் பக்கம் வர்றேன்.

*ஜிஎஸ்டி:* கார்ல வர்ற லெட் ஆசிட் பேட்டரிக்கு முன்னாடி 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22ல இருந்து 18 சதவீதம். அடிப்படை விலை 5,000 ரூபாய்னா பழைய கணக்குல 6,400, இப்போ 5,900. 'பில் வேண்டாம், குறைச்சுத் தர்றேன்'னு சொன்னா மயங்காதீங்க. பில்லும் முத்திரை போட்ட வாரண்டி கார்டும் இல்லாத பேட்டரிக்கு அடுத்த வருஷம் யாரும் பொறுப்பில்லை. ஆபீஸ்ல கார் செலவு ரீஇம்பர்ஸ்மென்ட் இருந்தாலும் பில்தான் ஆதாரம்.

*ப்ரோ-ரேட்டா வாரண்டி:* '60 மாச வாரண்டி'ன்னு பெருசாப் போட்டிருப்பாங்க. பிரிச்சுப் பார்த்தா, உதாரணத்துக்கு, 36 மாசம் இலவச மாற்று, மிச்சம் 24 மாசம் ப்ரோ-ரேட்டா. அதாவது அந்தக் காலத்துல தள்ளுபடி மட்டும்தான். அதுவும் பெரும்பாலும் எம்ஆர்பி மேல. ஒரு கற்பனைக் கணக்கு: எம்ஆர்பி 7,000, தள்ளுபடி 30 சதவீதம்னா நீங்க கட்டுறது 4,900. அதே பேட்டரியை, பழசைக் கொடுத்துட்டுக் கடையில புதுசா வாங்கினா 5,200. பெரிய சலுகை மாதிரி தெரிஞ்சது வெறும் 300 ரூபாய். பழைய பேட்டரிக்கும் அதுல தனியா காசு கிடைக்காது. அதனால ரெண்டு பேட்டரி ஒப்பிடும்போது மொத்த மாசத்தைப் பார்க்காம, இலவச மாற்று மாசத்தை மட்டும் பாருங்க.

*பழைய பேட்டரி:* உள்ளே ஈயம் இருக்கு, அதுக்கு விலை இருக்கு. எக்ஸ்சேஞ்ச் விலை எவ்வளவுன்னு பில்லுல தனியாக் காட்டச் சொல்லுங்க. காயலான் கடையில போடாதீங்க. பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் 2022ன்படி, அதை மத்த குப்பையோட சேர்க்காம முறையாச் சேகரிக்கிறவங்ககிட்டதான் கொடுக்கணும்.

*ஸ்டார்ட்-ஸ்டாப் கார்:* சிக்னல்ல தானா ஆஃப் ஆகுற கார்னா அதுக்கு ஈஎஃப்பி இல்லைன்னா ஏஜிஎம் வகை பேட்டரி வேணும். ஆயிரம், ரெண்டாயிரம் மிச்சம்னு சாதா பேட்டரி போட்டா சீக்கிரமே மறுபடி வாங்க வேண்டி வரும்.

*இன்ஷூரன்ஸ்:* தேய்மானமும், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் பழுதும் சாதாரண கார் பாலிசியில வராது. ஆனா ரோட்சைடு அசிஸ்டன்ஸ் ஆட்-ஆன் எடுத்திருந்தா ஜம்ப் ஸ்டார்ட் உதவி கிடைக்கும். என் பாலிசியில அது இருந்துச்சு. அந்தக் காலையில ஞாபகமே வரலை. நம்பரை இப்பவே மொபைல்ல சேவ் பண்ணுங்க.

ஏமாத்திட்டாங்கன்னு தோணினா

தேவையில்லாத பார்ட்டை மாத்திக் காசு வாங்கிட்டாங்கன்னு ஆதாரம் இருந்தா, முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்க. அதுலயும் சரியாகலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல இ-ஜாக்ரிதி தளம் வழியா வீட்ல இருந்தே புகார் பதியலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது. 2 வருஷத்துக்குள்ள பதியணும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ன்படி, நீங்க குடியிருக்கிற ஊர்லயே பதியலாம். போடியில நடந்ததுக்குச் சென்னையிலயே வழக்குப் போடலாம்னு அர்த்தம். ஆனா பில், எஸ்டிமேட், பழைய பார்ட்டோட போட்டோ கையில இருக்கணும்.

கார் உண்டியல்

கடைசியா ஒண்ணு. பேட்டரி திடீர்ச் செலவு இல்லை. மூணு, நாலு வருஷத்துல வரும்னு முன்னாடியே தெரிஞ்ச செலவு. நம்ம கணக்குல எழுதி வைக்காததால திடீர்ச் செலவு மாதிரி தெரியுது.

6,000 ரூபாய் பேட்டரியை 48 மாசத்துக்குப் பிரிச்சா மாசம் 125. நாலு டயர் 20,000ன்னு வச்சு அதையும் 48ஆல வகுத்தா 417. வருஷ சர்வீஸ் 7,000ன்னா மாசம் 583. இன்ஷூரன்ஸ் 12,000ன்னா 1,000. மொத்தம் 2,125. உங்க காருக்கு ஏத்த மாதிரி எண்களை மாத்திக்கங்க. சம்பளம் வந்த அன்னைக்கே இந்தத் தொகை தனி சேமிப்புக் கணக்குக்கோ ஆர்டிக்கோ போகட்டும். எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க. அது வேலை போனா, உடம்புக்கு வந்தா.

இந்த உண்டியல் என்கிட்ட இருந்திருந்தா, செல்ஃப் இழுக்க ஆரம்பிச்ச அன்னைக்கே ஊர்ல பேட்டரி மாத்தியிருப்பேன். வண்டி குலுங்கினாலும் வீட்டு வாசல்ல குலுங்கியிருக்கும். வளைவுல, பொண்ணு பின்சீட்ல "ஏம்பா வண்டி நின்னுச்சு?"ன்னு கேட்டப்போ பதில் சொல்ல முடியாம உக்காந்திருக்க மாட்டேன்.

காலையில உதவின அந்த ஜீப் அண்ணன்கிட்ட, "உங்க வண்டி பேட்டரி எப்போ மாத்தினீங்க?"ன்னு சும்மா கேட்டேன். வருஷம், மாசம், கடை எல்லாம் டக்குனு சொன்னார். அவருக்கு வண்டி நின்னா அன்னைக்கு வருமானம் நிக்கும். அதனால கணக்கு மனசுல நிக்குது. நமக்கு வண்டி நின்னாலும் சம்பளம் வந்துடும். அதனாலதான் மறந்துடுறோம்.

இன்னைக்குச் சாயங்காலம் பானெட்டைத் திறந்து பேட்டரி மேல இருக்கிற தேதியைப் பாருங்க. மூணு வருஷம் தாண்டியிருந்தா, அடுத்த மலைப் பயணத்துக்கு முன்னாடி ஒரு லோடு டெஸ்ட் எடுத்துடுங்க. உங்க பேட்டரி எத்தனை வருஷம் ஓடுச்சு, எவ்வளவு கொடுத்தீங்கன்னு கமெண்ட்ல எழுதுங்க, மத்தவங்களுக்கும் உபயோகமா இருக்கும். கார் உண்டியல் கணக்கை எக்செல்ல எப்படிப் போடுறதுன்னு அடுத்த வீடியோவுல பார்ப்போம்.

பத்திரமா ஓட்டுங்க. பில்லை வாங்கி வைங்க.